சர்க்கரைக்குள் கிடந்தவர்

ஷெம்தோவ் அர்தித்தி தன் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொங்கும் சரக்கின் கீழே நின்றதில்லை. கிரேக்க நாட்டுச் சலோனிகா துறைமுகத்தில் மீசை முளைக்கும் முன்பே மூட்டை தூக்கத் தொடங்கியவர். ஹைஃபாவில் புதுத் துறைமுகம் திறந்து ஆள் தேடியபோது மனைவி லூனாவோடு கப்பலேறி வந்துவிட்டார். சலோனிகாவிலேயே தங்கிவிட்ட தம்பி தங்கைகளில் ஒருவரும் போருக்குப் பின் மிஞ்சவில்லை. அந்த ஊரிலிருந்து அவரோடு கூட வந்தது தொழில் மட்டும்தான். அதில் அவருக்கு ஒரு கர்வம் இருந்தது. மேலே பார்க்காமல் அடி எடுத்து வைக்க மாட்டார். கொக்கியின் நிழல் தரையில் ஆடினால் அந்த நிழலைக்கூட மிதிக்க மாட்டார்.

அதனால்தான் அவரைப் பற்றிச் சொல்லப்பட்ட பொய், நொறுங்கிய காலைவிட அதிகமாக வலித்தது.

விபத்து இலையுதிர் காலத்தில் நடந்தது. சர்க்கரைக் கப்பல். ஷெம்தோவ் கப்பலின் வயிற்றுக்குள் நின்று வலையில் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மேலே சரக்கு தூக்கும் எந்திரமான வின்ச்சைப் பிடித்திருந்தவன் மோர்தோ சல்தியேல், அவரைவிட இளையவன், அதே ஊர்க்காரன். சரக்கு மேலே போகும்போதும் இறங்கும்போதும் வின்ச் பிடிப்பவன் ‘குவார்தா’ என்று கத்த வேண்டும். கீழே இருப்பவன் விலகுவதற்கான குரல் அது. அன்று அந்தக் குரல் வரவில்லை. பாதி உயரம் போன வலை கிறுகிறுவென்று திரும்பி இறங்கியது. ஷெம்தோவ் சுவரோரம் பாய்ந்தார். கால் மட்டும் பாயவில்லை. கிழிந்த மூட்டைகளிலிருந்து சர்க்கரை மணல்போலக் கொட்டி அவரை மூடியது. வாய்க்குள், காதுக்குள், இமைக்குள் எல்லாம் இனிப்பு. ரேஷனில் கரண்டிக் கணக்காகச் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருந்த காலம். தோண்டி எடுத்தவர்களில் ஒருவன் விரலை நக்கியதை அவர் பார்த்தார்.

மோர்தோ மேஸ்திரியிடம் சொன்னான்: “நான் கத்தினேன். அவரு காதுல வாங்கல. சரக்குக்குக் கீழயே நின்னாரு.”

அந்தச் சொல் அப்படியே நிலைத்துவிட்டது. பனிக்காலம் தொடங்கும்போது ஷெம்தோவ் ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். கவனமில்லாத ஆளைக் கப்பலில் ஏற்ற முடியாது என்று கிடங்கு வாசலில் உட்கார வைத்தார்கள். கடந்துபோகிற ஒவ்வொருவனும் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனான்.

“என்ன சீனி, இன்னிக்கு எந்த மேகத்துக்குக் கீழ நிக்கிற?”

“சீனிய ஒரு கடி கடிச்சுப் பாருங்கடா, டீக்கு ஆகும்.”

அவர் வின்ச் மேடையில் மோர்தோவின் நீலத் தொப்பி தெரிகிறதா என்று மட்டும் பார்ப்பார்.

சாவின் வாயிலிருந்து திரும்பிய யூதன் ஜெபக்கூடத்தில், தோரா என்ற மறைநூல் சுருளை வாசிக்கும் நாளில், பத்து ஆண்கள் முன்னால் நின்று நன்றி சொல்ல வேண்டும். தாமதிக்கக் கூடாது. துறைமுகத்துக்குப் பின்தெருவில் சலோனிகாக்காரர்கள் வைத்திருந்த சின்ன ஜெபக்கூடத்தில் இதோடு இன்னொரு வழக்கமும் இருந்தது. நன்றிக்கு முன்னால், எதிலிருந்து பிழைத்தான் என்பதை எல்லோர் காதிலும் விழும்படி அவனே சொல்ல வேண்டும். கடலிலிருந்து, காய்ச்சலிலிருந்து, சிறையிலிருந்து என்று. சொன்னதை யாரும் மறுத்துப் பேசக் கூடாது. அவன் நன்றி சொன்னதும் அத்தனை பேரும் சேர்ந்து அவனை வாழ்த்த வேண்டும்.

ஷெம்தோவ் மருத்துவமனைப் படுக்கையிலேயே தன் வார்த்தைகளை முடிவு செய்துவிட்டார். ‘மோர்தோ சல்தியேலின் கையிலிருந்து.’ அதை மோர்தோ முன்னால் நின்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, மறுக்க முடியாமல், அதே வாயால் அவரை வாழ்த்த வேண்டும்.

மோர்தோவுக்கும் இது புரிந்திருந்தது. ஷெம்தோவ் திரும்பிய வாரத்திலிருந்து அவன் ஜெபக்கூடத்துப் பக்கமே வரவில்லை.

“கடவுளுக்கு நன்றி சொல்றதுக்கு எதுக்குங்க ஆள் பாத்துட்டு நிக்கிறீங்க?” என்றாள் லூனா, அவருடைய காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே.

“கடவுள் எங்கயும் போயிட மாட்டாரு. இவன்தான் போயிடுவான்.”

“நாள் கடத்தினா பாவம்னு ஜெபக்கூடத்துக் கிழவர் கபிலியோ சொல்றாரு.”

“அந்தப் பாவத்தையும் மோர்தோ கணக்குல எழுதச் சொல்லு.”

அவள் எண்ணெய்க் கிண்ணத்தை நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஷெம்தோவ் ஒரு நாளுக்காகக் காத்திருந்தார். மோர்தோவின் அம்மா ஓரோ முன்பொரு பனிக்காலத்தில் இறந்தவள். அந்த நினைவு நாளில் மகன் பத்துப் பேர் நடுவே நின்று, இறந்தவர்களுக்கான கதீஷ் ஜெபத்தைச் சொல்லியாக வேண்டும். பத்தில் ஒரு தலை குறைந்தாலும் சொல்ல முடியாது. வேறு ஜெபக்கூடத்துக்கும் அவன் போக மாட்டான். ஓரோவின் பெயர் பொறித்த எண்ணெய் விளக்கு இங்கேதான் தொங்கியது.

அந்த நாள் வியாழக்கிழமையில் விழுந்தது. தோரா வாசிக்கும் நாள். விடியும்போதே மழை. மரம் ஏற்றிய கப்பல் ஒன்று வந்து பாதிப் பேரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஷெம்தோவ் படியேறி வாசலில் நின்றபோது உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள். மேசையில் நினைவு நாளுக்கான சுட்ட முட்டைகளும் ராக்கிச் சாராய பாட்டிலும் இருந்தன. மோர்தோ தொப்பியிலிருந்து நீர் சொட்ட விளக்கின் கீழே நின்றான்.

ஜெபக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் அவ்ராம் கபிலியோவின் முகம் மலர்ந்தது. “வா வா, உன்னோட பத்து. கதவச் சாத்து, குளிருது.”

ஷெம்தோவ் வாசற்படியைத் தாண்டவில்லை. வாயில் மாதக்கணக்காக ஊறவைத்திருந்த வார்த்தைகள் தயாராக இருந்தன. ஆனால் உள்ளே இருந்த ஒன்பது தலைகளைப் பார்த்தபோது, அதைவிடப் பெரிய ஒன்று கைக்கு எட்டியிருப்பது தெரிந்தது.

“நான் இன்னும் உள்ள வரல, கபிலியோ. ஒன்பதுதான்.”

“என்னப்பா விளையாட்டு இது?”

“நான் எதுலேர்ந்து பொழச்சேன்னு நான் சொல்லப் போறதில்ல. அவன் சொல்லட்டும். அப்புறம் வரேன்.”

மழை ஊன்றுகோல்மீது தெறித்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“அண்ணே,” என்றான் மோர்தோ. “இன்னிக்கு எங்கம்மா நாளு.”

“தெரியும். உங்கம்மா சுட்ட முட்டைய உனக்கு முன்னாடி தின்னவன் நான். அந்த மரியாதைக்குத்தான் இவ்வளவு நேரம் திரும்பிப் போகாம நிக்கிறேன்.”

“செத்தவள வச்சா பழி வாங்குறது?” என்று கபிலியோ சீறினார்.

“உயிரோட இருக்கறவன் ஒளிஞ்சுக்கிட்டான். நான் வேற யார வச்சு வாங்க?”

ஊன்றுகோலைத் திருப்பி ஒரு படி இறங்கினார். மோர்தோ கூப்பிடாமல் விட்டால் மீதிப் படிகளையும் இறங்கியாக வேண்டும். அப்புறம் எந்த வாசலிலும் தன் பெயரை மீட்க முடியாது. வாழ்நாள் முழுக்கச் சீனிதான்.

“சிகரெட் பத்த வச்சிட்டிருந்தேன்.”

ஷெம்தோவ் நின்றார்.

“தீப்பெட்டி நனைஞ்சிருந்துச்சு,” என்றான் மோர்தோ விளக்கைப் பார்த்தபடி. “ரெண்டு கையும் வேண்டியிருந்துச்சு. வின்ச்ச விட்டுட்டேன். கத்தல. அவரு கீழ நிக்கல, அவரு எப்பவும் நிக்க மாட்டாரு. வலைதான் அவர் மேல போச்சு.”

“சத்தமா.”

“நான் கத்தல.”

ஷெம்தோவ் படியேறி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். தோரா வாசிப்பின்போது அவரை அழைத்தார்கள். சுருளின் முன் நின்று, குற்றமுள்ளவர்களுக்கும் நன்மை செய்பவனுக்கு, தனக்கு எல்லா நன்மையும் செய்தவனுக்கு, நன்றி சொன்னார். ஆமென் எழுந்தது. உனக்கு நன்மை செய்தவன் என்றைக்கும் உனக்கு நன்மையே செய்யட்டும் என்று குரல்கள் சேர்ந்து வாழ்த்தின. அந்தக் குரல்களுக்குள் அவர் ஒன்றை மட்டும் தேடினார். கடைசியாக, கொஞ்சம் பிந்தி, கரகரத்து வந்தது அது. விபத்தன்று வாய் நிறைந்த சர்க்கரையை அவர் துப்பியிருந்தார். இதைத் துப்பவில்லை.

பிறகு மோர்தோ கதீஷ் சொன்னான். ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி ஆமெனுக்காகக் காத்திருக்க வேண்டும். எட்டுப் பேர் உடனே சொன்னார்கள். ஷெம்தோவ் ஒரு மூச்சு முழுக்க உள்ளே இழுத்து, அதை வெளியே விட்டு, அதன் பிறகே சொன்னார். அந்த மூச்சளவு நேரம் மோர்தோ அம்மாவின் விளக்கின் கீழே வாயைத் திறந்தபடி நின்றான். அடுத்த ஆமெனுக்கும் அப்படியே. கபிலியோ முறைத்துப் பார்த்தார். அதற்கு அடுத்ததற்கும்.

முடிந்ததும் மோர்தோ தட்டை நீட்டினான். ஷெம்தோவ் ஒரு முட்டையை எடுத்து மேசை விளிம்பில் தட்டினார்.

“கப்பல்ல மேஸ்திரி இருப்பாரு,” என்றார், ஓட்டை உரித்துக்கொண்டே. “தின்னுட்டு வரேன். என் கூட நட. இப்ப சொன்னத அங்கயும் சொல்லு.”

“மழை பெய்யுதுண்ணே.”

“பெய்யட்டும்.”

அவர் மெதுவாகத் தின்றார். மோர்தோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தட்டோடு, அவர் தின்று முடிக்கும்வரை நின்றான்.