கோடு போட்ட பந்தி

வளாகச் சஞ்சிகையின் முதற்பக்கம் தன் கதைக்குத்தான் என்று துஷாளினி நம்பியிருந்தாள். செம்மைப்படுத்திப் பழகுவதற்காக அவளிடம் கொடுத்த யதுர்ஷிகாவின் கட்டுரையை வாசித்ததும் அந்த நம்பிக்கை போய்விட்டது. சல்லிக் கடற்கரையில் கருவாடு காயவைக்கும் அம்மாவைப் பற்றியது அது. மழை தூறத் தொடங்கியும் அம்மா கருவாட்டை அள்ளவில்லை. கடலுக்குப் போனவர்களின் சைக்கிள்கள் எத்தனை இன்னும் கரையில் நிற்கின்றன என்றுதான் முதலில் பார்க்கிறாள். கட்டுரையின் அந்தப் பந்தி துஷாளினியின் வயிற்றை எரித்தது. பென்சிலால் குறுக்கே கோடு போட்டாள்.

வெட்டியதை வெட்டியவரே சஞ்சிகைக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காரணம் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் குழுவுக்குப் புதியவளான அவளுக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

வேகமாக வாசித்து முடிக்கப் பார்த்தாள். சைக்கிள்கள் பற்றிய வரிக்கு வந்ததும் குரல் தானாக மெதுவானது.

“இதையோ வெட்டினனீங்கள்? நித்திரையில கோடு போட்டனீங்களோ?” என்றான் குழுவிலிருந்த முனீப். எல்லாரும் சிரித்தார்கள்.

யதுர்ஷிகா சிரிக்கவில்லை. “வெட்டினது பரவாயில்லை அக்கா. என்ன பிழையெண்டு சொல்லுங்கோ, நானும் பழகத்தானே வேணும்.”

துஷாளினி கோட்டை அழித்தாள்.

“பிழை ஒண்டுமில்லை. எனக்கு இப்பிடி எழுத ஏலாது, அதுதான்.”

முதற்பக்கத்துக்கு அந்தக் கட்டுரையை அவளே குறித்துக் கொடுத்தாள். வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.