‘ஈரக் குடை’யை எழுதியவள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நடந்தது நடந்ததுதான். பேய் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அன்று நான் செய்ததைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது.

‘ஈரக் குடை’, 1863இல் இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் மேடையேறிய அரை மணி நேரச் சிரிப்பு நாடகம். இன்று யாருக்கும் நினைவில்லை. அதை எழுதியவர் நாடகக் கம்பெனி முதலாளி பெல்லூ என்று நான் ஒரு புத்தகமே எழுதி முடித்திருந்தேன். மறு வாரம் அச்சுக்குப் போகவேண்டும். கடைசியாக ஒருமுறை, அது மேடையேறிய பழைய அரங்கின் பரணில் உட்கார்ந்து காகிதங்களைப் புரட்டினேன்.

காவலாளி கார்பட் எட்டிப் பார்த்தார்.

"மூணு நாளா தூசியத்தான் தின்னுட்டிருக்கீங்க, அம்மணி. டீயாவது குடிங்க."

"வச்சுட்டுப் போங்க."

அவர் போனதும் அது கிடைத்தது. நாடகத்தின் கடைசிப் பக்கம். அடித்தல் திருத்தலோடு ஒரு பெண்ணின் கையெழுத்து. தேதி 1861. கீழே பெயர்: ஆக்னஸ் டட்ஹில், கம்பெனித் தையல்காரி.

என் பதினோரு வருட உழைப்பு...

தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பிற்பகல் 3.10. கீழே அரங்கில் சிரிப்புச் சத்தம்.

ஒருவர் இருவர் அல்ல, நூற்றுக்கணக்கானவர்கள். இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன். எல்லா நாற்காலியும் காலி. சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

மேல்மாடத்திலிருந்து ஒரு பெண் குரல்.

"நிறுத்துங்க... அது நான் எழுதினது."

சிரிப்பு கூடியது.

"சத்தியமா நான் எழுதினதுங்க."

அந்தத் தவிப்பு ஏனோ வேடிக்கையாக இருந்தது. அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை...

நானும் சிரித்தேன்.

தொம்.

ஏதோ கனமாக விழுந்தது. அப்போதும் சிரித்தேன்.

ஒரு கை என் தோளைத் தொட்டது. கார்பட்.

"என்ன, தனியா நின்னு சிரிக்கிறீங்க?"

"உங்களுக்குக் கேக்கலையா?"

"நீங்க சிரிச்சதுதான் கேட்டுச்சு."

புத்தகம் பெல்லூ பெயரோடுதான் வெளிவந்தது. பாராட்டினார்கள். தலையாட்டிக்கொண்டேன். அந்தத் தாளை இதுவரை யாரிடமும் காட்டவில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு பழைய உள்ளூர் நாளிதழ் கைக்கு வந்தது. ‘ஈரக் குடை’யின் முதல் நாள் ஆட்டத்தைப் பற்றி நாலே வரி. மேல்மாடத்தில் ஒரு தையல்காரி எழுந்து கூச்சல் போட்டாளாம். பிடிக்கப் போனார்களாம். கம்பியைத் தாண்டி விழுந்து செத்துப்போனாளாம்.

அதுவும் நாடகம்தான் என்று நினைத்து, திரை இறங்கும்வரை ஜனங்கள் சிரித்தார்களாம்.