நான் வாசித்த தாள்

எனக்கு வாசிக்கத் தெரியாது.

சொல்லிவிட்டேன்! வயது முப்பத்து நான்கு. எட்டாம் வகுப்பு தேறிய சான்றிதழ் பீரோவில் இருக்கிறது. ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டும் தொழிற்சாலை ஒன்றில், தினமும் காலை இருபது பேர் முன்னால் தாளைப் பிடித்து உரக்க வாசிப்பவள் நான். எனக்கு வாசிக்கத் தெரியாது. அந்த இருபது பேரில் ஒருத்தியின் வேலை என்னால் போனது. அவள் பெயர் இசக்கி. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அப்படியானால் இதை எழுதியது யார் என்று கேட்பீர்கள். நான் பேசுகிறேன், கைபேசி எழுதிக்கொள்கிறது. சரியாக எழுதியதா என்று என் கண்ணால் பார்க்க முடியாது. பேச்சு மட்டும் எப்படிப் புத்தகத் தமிழில் வருகிறது என்றால், என் பாடப்புத்தகங்கள் முழுவதும் காதில் இருக்கின்றன. கண்ணில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஒரு சந்தேகம். நீங்கள் இப்போது இதை வாசிக்கிறீர்களே... உள்ளே ஏதாவது குரல் கேட்கிறதா? யாருடைய குரல்? எழுத்தைப் பார்த்ததும் சத்தம் தானாக வந்துவிடுமா, இல்லை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பீர்களா? பல வருடமாக இதை யாரிடமாவது கேட்க ஆசை. கேட்டால் மாட்டிக்கொள்வேனே!

எங்கள் ஊர் மண்ணூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெயர் வேண்டாம். பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே கூடம், ஒரே டீச்சர். பாதி நாள் கணக்கெடுப்பு, கூட்டம் என்று அவரை எங்கேயாவது அனுப்பிவிடுவார்கள். ஒற்றை ஆளாக அவர்தான் என்ன செய்வார்? ஒரு வழி கண்டுபிடித்தார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஒரு வரியைச் சொல்லும். நாங்கள் எல்லோரும் விரலை வரிக்கு அடியில் நகர்த்திக்கொண்டே அதைத் திருப்பிச் சொல்வோம். கூரை அதிரும்! தெருவில் போகிறவர்கள், "புள்ளைங்க இன்னாமா படிக்குதுங்க பாரு" என்று நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

நான் அதில் கெட்டிக்காரி. ஒரு முறை காதில் விழுந்தால் போதும், மறக்காது. என் விரலும் குரலும் ஒரே நேரத்தில் வரியின் முடிவுக்கு வந்து நிற்கும். அந்த விரலுக்கு மேலே இருந்த கறுப்புக் கோடுகள் எதற்கு என்று ஒரு நாளாவது யோசித்தேனா? யோசித்தேன். அவை பக்கத்தில் அழகுக்காகப் போட்ட கோலம் என்று நினைத்தேன்... சிரிக்காதீர்கள், உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் அதிகாரி வந்தார். டீச்சர் என் காதருகே குனிந்து, "எழுத்தப் பாக்காத. படத்தப் பாரு, பாடம் தானா வந்துடும்" என்றார். அதிகாரி பிரித்த பக்கத்தில் குடை பிடித்த வாத்து இருந்தது. மழைப் பாடம்! கடகடவென்று ஒப்பித்தேன். அவர் என் தலையைத் தடவினார். டீச்சர் தன் சொந்தப் பேனாவை எனக்குக் கொடுத்தார்.

அவருக்குத் தெரியுமா, தெரியாதா? இன்றுவரை எனக்கு விடை கிடைக்காத கேள்வி அது. தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா? இல்லை, நான் கொஞ்சம் தடுமாறுவேன் என்று மட்டும் நினைத்தாரா? சில ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். "நீ நல்லா வாசிப்பியேம்மா" என்றார். முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். கேலி இல்லை. வேறு என்ன இருந்தது என்றும் தெரியவில்லை. அதற்குள் அவருடைய பேருந்து வந்துவிட்டது.

பிறகு நடந்ததெல்லாம் எளிது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கவில்லை, ஏறிக்கொண்டே போனேன். கையெழுத்தை வரையப் பழகினேன். எண்கள் மட்டும் நன்றாக வந்துவிட்டன, பேருந்து எண்ணில் தொடங்கிப் பிடித்துக்கொண்டேன். தொழிற்சாலையில் சேர்ந்த முதல் வாரம், காலைக் கூட்டத்தில் சூப்பர்வைசர் வேலைமுறைத் தாளை ஐந்து நாள் வாசித்தார். ஆறாம் நாள், "யார்னா வாசிங்கப்பா, தொண்ட கட்டிகினு கீது" என்றார். நான் கையை நீட்டித் தாளை வாங்கினேன். ஏன் வாங்கினேன்? யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லையே! அந்தப் பழைய தடவல் தலையில் இன்னும் இருந்ததோ என்னவோ... விரலை வைத்தேன், கணீரென்று சொன்னேன். அன்றிலிருந்து வாசிப்பு என் பொறுப்பு.

புதுத் தாள் வந்தால் பக்கத்து மேசை விமலாவிடம், "கண்ணு எரியுதுடி, ஒரு தபா படிச்சிக் காட்டு" என்பேன். ஒரு தடவை கேட்டால் எனக்குப் போதும்.

அன்று விமலா விடுப்பு. சூப்பர்வைசர் தாளைக் கையில் கொடுத்துவிட்டு யாரையோ தேடிப் போய்விட்டார். நான் படத்தைப் பார்த்தேன். அதே சிவப்புக் கரை, அதே வயர், அதே கை. பழைய தாள்தான்! "இணைப்பின் மேல் இரண்டு சுற்று டேப் சுற்றவும்" என்று வாசித்தேன். அதில் இருந்ததோ "மூன்று சுற்று." படத்தை மாற்றாமல் ஒரே ஒரு சொல்லை மாற்றியிருந்தார்கள். எண்ணாகப் போட்டிருந்தால் பிடித்திருப்பேன். எழுத்தில் போட்டிருந்தார்கள்.

டேப் சுற்றும் மேசை இசக்கியுடையது. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், வந்து ஒரு மாதம்தான். சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் ஆறு பேரோடு ஓர் அறையில் தங்கி, ஷேர் ஆட்டோவில் வருவாள். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தாள்.

"யக்கா, இனிமே மூணு சுத்துன்னு நேத்து பேசிக்கிட்டாவ. நீங்க ரெண்டுன்னு வாசிச்சீய. அந்தத் தாளைக் கொஞ்சம் காட்டுதீயளா?"

தாள் என் கையில் இருந்தது. நீட்டினால் போதும்.

"ஏன், நான் படிச்சா நம்ப மாட்டியா? வந்து ஒரு மாசம் ஆவல, அதுக்குள்ள எனக்கே செக்கிங்கா?" என்று சீறினேன். தாளை மடித்துக் கோப்பில் வைத்தேன்.

பாவம், அவள் போய் இரண்டு சுற்றாகவே சுற்றினாள், நாள் முழுவதும்.

மறுநாள் அவள் சுற்றிய வயர் மொத்தமும் தவறென்று திரும்பி வந்தது. சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிறுத்தினார். "மூணு சுத்துன்னு எழுதிக்கீது. படிச்சியா, இல்லியா?"

"மூணுன்னுதான் சார் படிச்சேன்."

என் வாய் அதைச் சொன்னது, என்னைக் கேட்காமலே! அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "அக்கா இன்னா படிச்சாங்க?"

"மூணு சார்!"

எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். கூரை அதிர்ந்தது. இதுதான் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. அவர்கள் எனக்காகப் பொய் சொல்லவில்லை, அதை நான் விசாரித்துவிட்டேன். பிறகு தேநீர் இடைவேளையில் ஒவ்வொருவரிடமாகப் பேச்சுக்கொடுத்துப் பார்த்தேன். ஒருவருமே அன்று காதில் வாங்கவில்லை! நான் சொன்ன வரியைத் திருப்பிச் சொன்னார்கள், அவ்வளவுதான். அவர்களும் என் பள்ளியைப் போன்ற பள்ளிகளிலிருந்து வந்தவர்கள்தானோ? அப்படியானால், இருபது பேரில் காதைத் திறந்து வைத்திருந்தவள் இசக்கி ஒருத்திதான்.

அவள் மட்டும், "இல்ல சார், ரெண்டுன்னுதாம் வாசிச்சாவ" என்றாள். தப்பும் செய்துவிட்டுப் பழியையும் அடுத்தவள் மேல் போடுகிறாள் என்று முடிவாகிவிட்டது. அவளை வேலைக்கு அனுப்பிய ஒப்பந்தக்காரருக்கு ஒரு போன். அன்று மாலையே அடையாள அட்டையை வாங்கிவிட்டார்கள்.

வாசலில் பையோடு நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

"மன்னிச்சுக்கிடுங்கக்கா. அத்தன பேரும் மூணுன்னா, மூணாத்தான் இருக்கும். எங் காதுலதான் ஏதோ கோளாறு போல" என்றாள். காதைத் தொட்டும் பார்த்துக்கொண்டாள்.

நான் என்ன செய்தேன்? "ஊருக்குப் போய் டாக்டர்கிட்ட காட்டும்மா" என்றேன்! ஆம், அப்படித்தான் சொன்னேன். ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

இப்போது கைபேசியைத் தாள் முன்னால் பிடித்தால் அதுவே வாசித்துக் காட்டுகிறது. ஆகவே இனி நான் தவற மாட்டேன். நாளைக் காலையும் நான்தான் வாசிக்கிறேன். "நல்லா வாசிக்கிறக்கா" என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அவள் எங்கே இருக்கிறாளோ... யாராவது ஏதாவது சொன்னால், சரியாகத்தான் கேட்டோமா என்று இன்னும் காதைத் தொட்டுப் பார்க்கிறாளா? டாக்டரிடம் போனாளா? டாக்டர் என்ன சொன்னார்?

எழுத்துத் தெரியாததற்கு அந்தக் கூடத்தைச் சொல்லலாம், டீச்சரைச் சொல்லலாம், வாத்துப் படத்தைச் சொல்லலாம். ஆனால் இசக்கியின் எண் என் கைபேசியில் இருக்கிறது. பத்து இலக்கம். முன்பே சொன்னேனே, எண்கள் எனக்கு நன்றாகப் படிக்க வரும். இன்றும் எடுத்து, பத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். பிறகு கைபேசியைக் கீழே வைத்துவிட்டேன்.