மூன்றாவது சீடு

அந்தப் பட்டியலை எழுதியது என் கை. எழுதச் சொன்னது அவள். இதில் எது பெரிய தப்பு என்று இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன், யோசித்து முடிந்தபாடில்லை.

அவளும் நானும் பதினோரு வருடம் டென்னிஸ் இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி. மில்லர்புரத்தில் என் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் பத்து நிமிடம் போனால் நாங்கள் ஆடும் கோர்ட். உடன்குடிப் பக்கத்திலிருந்து லாரியில் செம்மண் கொண்டுவந்து பரப்பிய தரை. சாயங்காலம் கடல் காற்று எழும்பிவிட்டால் சர்வீசுக்குத் தூக்கிப் போட்ட பந்து நேரே இறங்காது. வெளியூரிலிருந்து ஆட வருகிறவர்கள் திணறிப் போவார்கள். அவள் காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் பந்தைத் தூக்குவாள். ஏரலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். நான் அப்படியில்லை. எனக்குக் கோபம் வரும், அவசரம் வரும், கணக்கு மட்டும் வராது. இருந்தும் அணித்தலைவி நான்தான்.

தேசிய மகளிர் அணிப் போட்டியில் ஓர் அணிக்கு நான்கு பேர். முதலில் இரண்டு ஒற்றையர் ஆட்டம். ஆளுக்கொன்று ஜெயித்துச் சமமாகிவிட்டால் இரட்டையர் ஆட்டம்தான் தீர்ப்பு. நாங்கள் முதன்முதலாகப் போன வருடமே மூன்றாமிடம் பிடித்தோம். மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் ஒற்றையரில் நான் தோற்றேன், எங்கள் அணியின் கல்லூரிப் பெண் ஜெயித்தாள். கடைசியில் இரட்டையர். நடு ஆட்டத்தில் என் ஜோடிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டிக்கொண்டே நின்று, என் தவறுகளையும் சேர்த்துச் சமாளித்து, ஜெயித்துக் கொடுத்தாள்.

அடுத்த வருடப் போட்டிக்கு அழைப்பு வந்தபோது அவள் அப்பா பக்கவாதத்தில் விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீடு விட்டால் ஆஸ்பத்திரி. கோர்ட்டுக்கு வாரம் இரண்டு நாள் வந்தாலே அதிகம். "இந்த ஒரு வருசம் நேஷனல் ஆடிருதேன். அப்புறம் ராக்கெட்டக் கீழ வச்சிருவேன்" என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு வாரத்துக்கு லீவு வாங்கி, அப்பாவைப் பார்த்துக்கொள்ள அக்காவையும் வரச் சொல்லிவிட்டாள். அவள் அந்த வருடம் ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான்.

அப்போதுதான் சீடிங் பற்றிய பேச்சு வந்தது. பலமான அணிகள் முதல் சுற்றிலேயே மோதிக்கொள்ளாதபடி நான்கு அணிகளுக்கு சீடு கொடுத்துத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். சீடு இல்லாத அணிக்கு எடுத்த எடுப்பிலேயே சாம்பியன் வந்து வாய்க்கலாம்.

எங்களுக்கு சீடு கிடைக்குமா என்று அவள்தான் கணக்குப் போட்டாள். கோர்ட் ஓரத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, போனில் தேசியத் தரவரிசையைத் திறந்துவைத்து, ஒவ்வோர் அணியாக நான்கு பெயர்களின் தரவரிசை எண்களையும் கூட்டினாள். கூட்டுத்தொகை குறைந்த அணி மேலே. நாங்கள் ஆடிய தனிநபர் போட்டிகள் எல்லாவற்றிலும் தரவரிசை பார்த்துத்தான் சீடு. அணிக்கும் அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு பேருமே நம்பினோம். வாட்ஸ்அப்பில் வந்த சுற்றறிக்கையோடு விதிகள் தனி இணைப்பாக வந்திருந்தன. தெரிந்த விஷயம்தானே என்று அதைத் திறக்கவே இல்லை.

தரவரிசைப் புள்ளிகளுக்கு ஒரு வருடம்தான் ஆயுள். எட்டு மாதமாக எந்தப் போட்டிக்கும் போகாததால் அவளுடைய எண் எங்கேயோ அடிமட்டத்துக்குப் போயிருந்தது. அவளைச் சேர்த்துக் கூட்டினால் எங்களுக்கு ஏழாமிடம். துறைமுகக் குடியிருப்புக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஓர் அதிகாரியின் மனைவி எங்களோடு பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தாள். நல்ல தரவரிசை. அவளைச் சேர்த்துக் கூட்டினால் மூன்றாமிடம்.

இரண்டு தடவை கூட்டிவிட்டுப் பேப்பரை என் பக்கம் நகர்த்தினாள்.

"நான் இல்லன்னா நமக்கு சீடு உண்டு. அவள எழுதிரு."

நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னளா பாக்க? கணக்கு சரியாத்தான் இருக்கு. எழுது."

'உன் கணக்கைத் தூக்கிக் குப்பையில போடு, நீ இல்லாம நான் போகல' என்று சொல்லியிருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் கோபப்படுகிற எனக்கு அன்றைக்குப் பார்த்துக் கோபம் வரவில்லை. காரணம் தெரியும். எனக்கு அந்த சீடு வேண்டியிருந்தது. ஒரு மரியாதைக்கு "யோசிப்போம்" என்றேன். அவள் சிரித்தாள். மறுநாள் நான்கு பெயர்களை அனுப்பினேன், அவள் பெயர் இல்லாமல்.

புனேயில் அட்டவணை போடும் கூட்டம். சீடு பட்டியலை வாசித்தார்கள். மூன்றாவதாக எங்கள் அணி. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூட்டம் முடிந்ததும், நடத்துகிறவரிடம் போய், எங்கள் கூட்டுத்தொகைக்கும் நான்காவது அணிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பெருமையாகக் கேட்டேன். அவருக்கு நான் கேட்டது புரியவில்லை. தரவரிசையைக் கூட்டுவதெல்லாம் இல்லை, அணிப் போட்டிக்குப் போன வருட முடிவுதான் சீடு, நீங்கள் போன வருடம் மூன்றாமிடம், அதனால் மூன்றாவது சீடு என்றார். யார் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் மாற்றமில்லை என்றும் சொன்னார்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம். அந்த சீடு அவள் நொண்டி நொண்டி ஜெயித்துக் கொடுத்தது. அவளை வீட்டில் விட்டுவிட்டு அதை நான் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். பெயர் மாற்ற முடியுமா என்று கேட்டேன். பட்டியல் மூடி ஒரு வாரமாகிவிட்டது என்றார். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வெளியே வரும்போது அவளே போன் செய்தாள்.

"கெடச்சுட்டா?"

"கெடச்சிட்டு. மூணாவது."

"நான் சொன்னேன்லா" என்றாள். அப்பா விழுந்ததிலிருந்து அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த அப்பாவிடம், "எப்பா, நம்ம கணக்கு சரியா வந்துட்டு" என்று சொல்வதும் கேட்டது. அதற்குமேல் நான் எப்படி வாயைத் திறப்பேன்?

காலிறுதியில் தோற்றோம். ஒற்றையரில் ஆளுக்கொன்று ஜெயித்துச் சமம். இரட்டையரில் புது ஜோடி, நடுவில் வந்த பந்துக்கு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப் பெண்மேல் குற்றமில்லை. நல்ல ஆட்டக்காரி, எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். ஊருக்கு வந்ததும், "சீடு வாங்கிக் குடுத்தும் விட்டுட்டு வந்திருக்கியளே" என்று அவள் கேலி செய்தாள்.

அந்த வருடமே அவள் அப்பா போய்விட்டார். சொன்னபடியே அவள் ராக்கெட்டையும் வைத்துவிட்டாள். கல்யாணமாகி இப்போது ஏரலிலேயே இருக்கிறாள். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொண்டுதான் ஏரல் பஸ்ஸில் ஏறுகிறேன்.

போன மாதமும் போயிருந்தேன். காபி குடித்துக்கொண்டே அவள் கணவர் என்னிடம் கேட்டார், "நேஷனல் ஆடிட்டு விட்டுருக்கலாம்லா, ஏன் கடைசி நேரத்துல ஒதுங்கினா?"

"நான் ஒதுங்குனதாலதான் சீடு கெடச்சுது" என்றாள் அவள். "நான் ஆடியிருந்தா கெடச்சிருக்காது. நம்பலன்னா இவகிட்டயே கேளுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்றேன்.