வலையில் பட்ட கை

போன ஞாயிறு பூசை முடிந்ததும், புதிதாக வந்த இளம் பாதர் கேட்டார்: "விளையாட்டு ஒரு கிறிஸ்தவனுக்கு என்ன கத்துக் குடுக்குதுன்னு பங்கு விழாவுல பேசணும். பழைய ஆட்டக்காரங்க யாராவது கையத் தூக்குங்க." எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பீடத்தில் மெழுகுதிரிகளை அணைத்தார்கள்.

அணைந்த திரியின் வாசம் எனக்குப் பந்தின் வாசம். அந்தக் காலத்தில் எங்கள் பங்கு அணியின் கரப்பந்து பூசை உடுப்பு அலுமாரியில்தான் இருக்கும். மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க, எரிந்து மிஞ்சிய மெழுகைத் தையல்களில் தேய்ப்பான் சவரி. கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருவான். வெறுங்காலோடு என்னைவிட ஓர் அடி உயரம் குதிப்பான். என்னிடம் இருந்தது நல்ல சப்பாத்து.

அப்போதைய பாதர் யாழ்ப்பாணத்தவர். விளையாட்டும் செபம்தான் என்பார். "நடுவர் காணாட்டியும் ஆண்டவர் காண்பார். வலையில பட்டாப் பிழை; பட்டவன் தானாக் கை உயர்த்த வேணும்." மற்ற அணிகள் எங்களைப் 'பாவசங்கீர்த்தன டீம்' என்று கேலி செய்தன.

ஒரு தேயிலைக் கம்பனி தன் அணிக்கு ஆள் தேடியது. ஒரே இடம்; கூடவே கண்டியில் கிளாக் வேலை. மனேஜர் எங்கள் இறுதியாட்டம் பார்க்க வந்திருந்தார். வேலை கிடைத்தால் சவரியின் குடும்பம் இங்கேயே நிற்கும்; இல்லாவிட்டால், குடியுரிமை இல்லாத மற்றத் தோட்டக் குடும்பங்களைப் போல, இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுக்கும்.

கடைசிப் புள்ளி. நானும் அவனும் சேர்ந்து தடுக்கக் குதித்தோம். வலை ஆடியது. நடுவர் கவனிக்கவில்லை. பட்டது என் முழங்கை. எனக்கு நன்றாகத் தெரியும். குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன். சவரி கை உயர்த்தினான். தோற்றோம்.

"சேந்துதானண்ணே குதிச்சோம். எங் கையிதான் பட்டிருக்கும்" என்றான், வெளியே வந்ததும்.

"இருக்கும்" என்றேன்.

முக்கியமான நேரத்தில் வலையில் விழுகிற ஆள் வேண்டாம் என்று மனேஜர் என்னை எடுத்துக்கொண்டார். முப்பத்துநான்கு வருடம் அங்கே கிளாக்காக இருந்தேன். பிறந்த திகதி பிழையா, பெயர் பிழையா, எதைத் திருத்த எந்தப் படிவம் என்று கேட்டு இன்றும் என்னிடம் ஆட்கள் வருகிறார்கள்.

சவரி இந்தியாவுக்குப் போன நாளில் கண்டி ஸ்டேஷனுக்குப் போனேன். இந்தியாவுக்குக் கப்பலேறுகிறவர்களோடு தலைமன்னார் போகும் அந்த வண்டியை அழுகைக் கோச்சி என்பார்கள். உண்மையைச் சொல்லத்தான் போனேன்.

"பந்துக்கு மெழுகு தேய்க்க மறந்துறாதீங்கண்ணே" என்றான்.

"சரி" என்றேன். கோச்சி நகர்ந்துவிட்டது.

அந்தக் கோச்சி இப்போது இல்லை. அந்தப் பாதரும் இல்லை. வலை கட்டிய இடத்தில் கார்கள் நிற்கின்றன. வெகுகாலம் கழித்துச் சவரிக்கு எழுதிய கடிதம், உரியவர் இல்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்தது.

இளம் பாதர் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நான் போடுவது கயிறில்லாத சப்பாத்து. ஆனாலும் குனிந்தேன்.