வாயால் இழுத்த குழாய்

போன மாதம் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மேஜையில் ஒரு பொம்மைக் குழந்தை, பக்கத்தில் கையால் அழுத்திக் காற்றுக் கொடுக்கும் பை. புது ரப்பர் வாசனை. என் மகள் வயதிருக்கும் டாக்டர், "பிறந்த குழந்தை மூச்சு விடலைனா சளி உறிஞ்சிட்டே நிக்காதீங்க. முதல் நிமிஷத்துக்குள்ள பேக் போடணும்" என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன். கையெழுத்துகூட நன்றாகத்தான் இருந்தது.

பாகலூர் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸாகச் சேர்ந்தபோது இருந்த ரப்பர் வேறு. சளிக் குழாய். நடுவில் சின்னக் குப்பி. ஒரு முனை குழந்தையின் வாயில், மறுமுனை நம் வாயில். நாம்தான் மெஷின். பள்ளியில் கபடி ஆடியவள், எனக்கு மூச்சு அதிகம் என்று பெருமை வேறு. ஒருமுறை குப்பி நிறைந்து என் வாய்க்கே வந்துவிட்டது. இரண்டு நாள் டீகூட உப்புக் கரித்தது. சிரிக்காதீர்கள்.

ரத்னம்மா ரோஜாத் தோட்டத்தில் பூப் பறிப்பவள். அவளுக்குப் பனிக்குட நீர் பச்சையாக வந்தது; குழந்தை உள்ளேயே மலம் கழித்திருந்தது. பெண் குழந்தை, துவண்டு கிடந்தது. இழுத்தேன். சளி வந்தது. இன்னும் இழுத்தேன். முதலில் சுத்தம், பிறகு காற்று. எங்களுக்குத் தெரிந்த ஒழுங்கு அதுதான். காற்றுப் பையும் ஒன்று இருந்தது, அலமாரிக்குள்.

"கூசு ஏன் அழல சிஸ்டர்?" என்றாள் ரத்னம்மா. பதறினால் அவளுக்குக் கன்னடம் வந்துவிடும்; கூசு என்றால் குழந்தை.

"அழும், இரும்மா" என்றார் ஆயா முனிரா அக்கா.

பையை எடுக்கும்போது ஐந்து நிமிடம் போயிருந்தது. அரை மணி நேரம் அழுத்தினேன். குழந்தை கடைசிவரை அழவே இல்லை. மதியம் எலுமிச்சைச் சோறு முழுவதையும் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவி வைத்தேன்.

நாற்பது நாள் கழித்து ரத்னம்மா ஒரு கட்டு ரோஜாவோடு வந்தாள். "என் கூசுக்காக வாய் வெச்சு இழுத்தீங்களே சிஸ்டர். எங்க வீட்டாளுங்ககூடச் செய்ய மாட்டாங்க."

வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் பயிற்சி முடிந்த ஞாயிற்றுக்கிழமை ரத்னம்மாவின் ஊருக்குப் போனேன். பார்த்தால் என்ன சொல்வதென்று யோசித்திருக்கவில்லை. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகள் இல்லை. தோட்டம் இருந்த இடத்தில் கம்பெனி வேன்கள் வரிசையாக நின்றன. டீக்கடையில் கேட்டேன்.

"எந்த ரத்னம்மா? அந்த லைன் வீட்டாளுங்க எங்க போனாங்கன்னு யாருக்குங்க தெரியும்?"

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. ஓசூர் வரும்வரை நன்றாகத் தூங்கினேன்.