பதினேழாம் நம்பர்

எந்தெந்த மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்தால் காசநோய் சீக்கிரம் குணமாகும் என்று கணினியில் தேடுவது என் வேலை. பெங்களூரில் எங்கள் அலுவலகத்துக்கு நோயாளிகளின் விவரங்களைக் கொண்டுவந்து தந்தவர் ஸ்டெல்லா அக்கா. நகரத்தின் ஜீவனஹள்ளிப் பகுதியில் வீடு வீடாக ஏறி இறங்குகிற சுகாதாரப் பணியாளர்.

பாதியில் மாத்திரையை நிறுத்தியவர்களின் பதிவுகள் என் கணக்கைக் குழப்பின. மொத்தமாக நீக்கிவிட்டேன். படிவத்தில் அக்கா தமிழில் எழுதியிருந்த குறிப்புகளையும், கணினிக்கு எண்கள் போதும் என்று படிக்காமலே ஒதுக்கினேன். சீக்கிரம் குணமாக்கும் மருந்துகளின் பட்டியலில் ஒரு கூட்டு மருந்து முதலாவதாக வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், கேக் வெட்டினோம்.

மறுநாள் வந்த அக்காவிடம் திரையைப் பெருமையாகக் காட்டினேன். நோயாளிகளின் வரிசை எண்களை விரலால் தொட்டுக்கொண்டே போனவர் நின்றார்.

"பதினேழாம் நம்பர் எங்க தம்பி?"

"பாதியிலயே விட்டுட்டாருக்கா. அதான் எடுத்துட்டேன்."

"சும்மா விடலப்பா. இந்த மாத்திரையால கால் மரத்துப்போயி நடக்கவே முடியல அவருக்கு. குறிப்புல எழுதியிருந்தேனே?"

நீக்கியவர்களைத் திரும்பச் சேர்த்தேன். அந்த மருந்து பட்டியலின் அடிக்குப் போய்விட்டது. முடிவு மாறியதற்கு மேலதிகாரிக்கு ஒரே வரியில் விளக்கம் எழுதினேன்: 'களத்திலிருந்து வந்த படிவங்கள் சரியில்லை.'

அடுத்த வாரம் அக்கா தந்த படிவங்களில் ஒவ்வொரு எழுத்தும் அச்சடித்ததுபோல் இருந்தது.

"ஃபார்ம் சரியில்லன்னு சொன்னாங்க தம்பி. என் கையெழுத்து கம்ப்யூட்டருக்குப் புரியல போல. இப்ப பரவாயில்லையா?"

"பரவாயில்லைக்கா" என்றேன்.

இப்போது குறிப்புகளை ஒன்றுவிடாமல் படிக்கிறேன். பழைய கையெழுத்தும் தெளிவாகத்தான் இருந்தது என்பதை மட்டும் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.